வீரமுனையிலிருந்து: தேத்தண்ணியின் பக்கம் நின்று

வீரமுனை,
அம்பாறை மாவட்டம்,
இலங்கை.

அன்புள்ள நண்பருக்கு,

கும்பகோணத்துக்காரரான உங்களுக்குக் காபியை விட்டுக்கொடுக்க மனம் வராது என்று தெரியும். ஆனாலும் இந்தக் கடிதம் தேநீருக்காக வாதாடும் கடிதம். வீரமுனை, சம்மாந்துறையை ஒட்டிக் கிடக்கும் ஒரு தமிழ் ஊர்; சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலும் சுற்றிலும் நெல்வயலும்தான் அதன் அடையாளம். சம்மாந்துறை முஸ்லிம்களின் ஊர். கிழக்கே கடலோரமாகக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இத்தனை ஊர்களிலும் வந்தவரிடம் முதலில் கேட்பது தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்பதே. பால் சேர்த்தால் பால் தேத்தண்ணி, சேர்க்காவிட்டால் பிளேன்டீ. கோப்பியும் இருக்கிறது, ஆனால் அது கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூளில், தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் மழைநாளுக்கும் என்று போடுவது. ஒன்று நாள்தோறும் குடிப்பது, மற்றது வேளை பார்த்துக் குடிப்பது. இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று யோசித்தால், நாக்கின் ருசியை விட்டுவிட்டுச் செடியிடமும் அதைப் பறித்த கைகளிடமும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் அன்றாடப் பானம் என்றால் என்ன என்று வரையறுத்துக்கொள்வோம். ஏழை வீட்டிலும் தட்டாமல் கிடைக்க வேண்டும். எதிர்பாராமல் நாலு பேர் வந்தாலும் உடனே கொடுக்க முடிய வேண்டும். நாளில் நாலைந்து தடவை குடித்தாலும் உடம்பு தாங்க வேண்டும். இந்த மூன்றிலும் தேயிலைதான் முந்துகிறது. ஒரு கோப்பைத் தேநீருக்கு ஏறக்குறைய 2 கிராம் தூள் போதும். ஒரு கிலோவில் 500 கோப்பை வரை போடலாம். காபிக்கு ஒரு கோப்பைக்கு 7 முதல் 10 கிராம் தேவை. ஒரு கிலோ நூறு, நூற்றைம்பது கோப்பையோடு தீர்ந்துவிடும். ஒரே அளவு கோப்பையில் தேநீரில் உள்ள காஃபீன் காபியில் உள்ளதில் சுமார் பாதிதான். வயலில் களை பிடுங்குகிறவர்களுக்குக் காலையில் ஒன்று, வெயில் ஏறும்போது ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று கொடுக்கத் தேநீரே தோது. பால் இல்லாமலும் தேநீர் முழுமையான பானமாக நிற்கிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பால்மா கிடைக்காமல் பால் தேத்தண்ணி போடுவதைப் பல கடைகள் நிறுத்தின, பிளேன்டீ நிற்கவில்லை. நம் பில்டர் காபியிலிருந்து பாலை எடுத்துவிட்டால் எத்தனை பேர் அதைக் காபி என்று ஒப்புக்கொள்வார்கள்?

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: இலங்கையில் தேயிலை விளைகிறது, அதனால் குடிக்கிறார்கள்; இதில் வாதத்துக்கு என்ன இருக்கிறது? ஆனால் இந்தக் கடற்கரையில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. மலைநாட்டிலும் முதலில் பெருந்தோட்டப் பயிராக நின்றது காபிதான். 1820களில் பிரித்தானியர் தொடங்கிய காபித் தோட்டங்கள் 1870களின் இறுதியில் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர் வரை பரவின. உலகின் பெரிய காபி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது. இலையின் அடியில் மஞ்சள் பொடியாகத் தோன்றும் ஒரு பூஞ்சை, இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்துவிட்டது. நோய் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 பவுண்டு மட்டுமே. காபி செத்த நிலமெல்லாம் அடுத்த சில பத்தாண்டுகளில் தேயிலைக்கு மாறியது. ஆக, இந்தத் தீவின் பானம் எது என்பதை மக்களின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. ஒரு பூஞ்சை வழி திறந்தது, முதலாளிகளின் கணக்கு அந்த வழியில் நடந்தது.

என் வாதத்தின் உயிர்நிலை இனிமேல்தான் வருகிறது. காபி ஆண்டில் சில மாதங்கள் மட்டும் பழம் பறிக்கும் பயிர். தேயிலையில் வாரம் ஒரு முறை போல, ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் கொழுந்து முற்றிவிடும். காபிக் காலத்தில் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்குப் போய்ப் பருவத்தோடு திரும்பினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலரைப் பறிகொடுத்த பயணம் அது. ஆனாலும் பறிப்பு முடிந்தால் ஊருக்குத் திரும்பி நெல் அறுக்க வழி இருந்தது. தேயிலை அந்த வழியை அடைத்தது. நாள்தோறும் துளிர்க்கும் செடி நாள்தோறும் ஆள் கேட்டது. குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயன் அறைகளில் தங்கினார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். அவர்களே இன்றைய மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்கு முழுமையாகத் தீரவில்லை. கல்முனைக் கடையில் தேயிலை எந்த நாளும் தட்டாமல் கிடைப்பதும், மலையில் ஒரு பெண் எந்த நாளும் கூடை சுமப்பதும் ஒரே உண்மையின் இரண்டு பக்கம். தேநீர் அன்றாடப் பானமானது, அதற்கான உழைப்பு அன்றாட உழைப்பாக்கப்பட்டதால்தான்.

மலைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே காற்றின் உறவும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி ஊவா மலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இங்குள்ளவர்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். முகத்தில் அனல் அடிக்கும் காற்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை அதே வறண்ட காற்று படுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற மணம் வருகிறது. விளையாத கரைக்கும் விளையும் மலைக்கும் ஒரே காற்று என்பது, இந்தப் பானத்தை இவர்கள் தங்களுடையதாக எண்ணுவதற்கு ஒரு நல்ல சாட்சி.

காபியே தமிழரின் அடையாளம் என்று நீங்கள் மறுக்கலாம். அந்த எண்ணம் காவிரிக்கரை வீடுகளிலிருந்தும் நகரத்து காபி கிளப்புகளிலிருந்தும் வந்தது. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்து முக்கிலும் நிற்பது டீக்கடைதான். பேருந்து நிலையத்திலும் மில் வாசலிலும் பத்திரிகை வாசித்து அரசியல் பேசும் இடத்தின் பெயரும் அதுவே. கறந்த பாலும் ஓய்வான காலையும் உள்ள வீட்டுக்குக் காபி பொருந்தும். உழைப்பவர் பெரும்பான்மையாக உள்ள சமூகத்துக்குத் தேநீர் பொருந்தும். தேநீர் எல்லோரையும் சமமாக்கியது என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை என்ற கொடுமை நடந்தது நம் டீக்கடைகளில்தான். இங்கேயும் அது மனிதரை ஒன்றாக்கிவிடவில்லை. 1990 ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம், இதே கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே தேத்தண்ணியைக் குடித்த ஊர்கள் இவை. பானம் பகையைத் தடுக்காது. பகை ஓய்ந்தபின் ஒருவர் வாசலில் மற்றவர் உட்காரும்போது கொடுக்க எளிதான ஒன்றாக அது இருக்கிறது. அதற்குமேல் அதன்மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

உடல்நலம் பற்றிய மறுப்பு நியாயமானது. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கின்றன. சோற்றோடு சேர்த்துக் குடிப்பது, இரத்தசோகை உள்ள பெண்களுக்கு முக்கியமாக, நல்லதல்ல. காபியும் இதே குறையிலிருந்து தப்பவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் இந்தத் தீங்கு பெரும்பாலும் விலகும். சீனியே பெரிய எதிரி. சீனி போடாத பிளேன்டீயோடு ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக் குடிப்பது நாவுக்கும் இனிது, சீனியும் குறையும்.

ஆகவே என் தீர்ப்பு இது: விருந்துக்கும் ஓய்வுக்கும் காபி இருக்கட்டும், அதன் மணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அன்றாடத்துக்கு உரியது தேநீர். தமிழ் உழைப்பு எந்தக் கோப்பையில் அதிகம் கலந்திருக்கிறது என்று கேட்டாலும் விடை அதுவே. எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பதைப் போற்றும் நாம், அதை மலிவாக்கியவர்களின் கூலியைக் கேட்காமல் போற்றுவது அறமாகாது. காபியைப் பற்றி அடுத்து நீங்கள் எழுதும்போது, மாத்தளைக்கு நடந்தவர்களையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். அவர்கள் வழிவந்த பெண்கள் மலையில் கொழுந்து கிள்ளும் நாட்கூலி 1000 இலங்கை ரூபாயை எட்டியது 2021இல்தான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்