200 ரூபாய்க்கு ஒரு குழி

பன்னா போய்விட்டு வந்து பத்து நாளாகிறது. "சார், வைரம் கிடைச்சுதா?" "சித்தப்பா, எங்களுக்கு ஒரு மூக்குத்திக் கல்லாவது உண்டா?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கிடைக்கவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவன் டல்லாஸில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன். அங்கே பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் வைரம் தேடுவதற்கென்றே ஒரு அரசுப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர் உழுதுபோட்ட நிலம். டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நாள் முழுக்க மண்ணைக் கிளறலாம். கிடைத்தது கிடைத்தவருக்கே சொந்தம். தன் பிள்ளைகள் சேறும் சகதியுமாக நிற்கிற போட்டோவை அனுப்பி, "நம்ம நாட்டுல இப்படி இருக்கா சார்?" என்று கேட்டான்.

இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டம். மஜ்காவானில் அரசு நிறுவனமான என்.எம்.டி.சி.யின் பெரிய சுரங்கம் ஒன்று உண்டு. அது போக, சாதாரண ஜனங்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. ஆதார் நகல், போட்டோ, 200 ரூபாய் கட்டணம். வைர அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் 8 மீட்டருக்கு 8 மீட்டர் நிலத்தை ஒரு வருஷத்துக்குத் தோண்ட அனுமதி தருவார்கள். நம் வகுப்பறையை விடக் கொஞ்சம் பெரிய இடம். ஆனால் ஆர்கன்சா மாதிரி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வர முடியாது. கிடைத்த கல்லை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் எடை போட்டு, ஏலம் விட்டு, ராயல்டியும் வரியும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். 2018இல் ஒரு கூலித் தொழிலாளிக்கு 42.59 காரட் கல் கிடைத்து, ஏலத்தில் 2.55 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டரை கிராம்தான்!

மாப்பிள்ளைக்கு இப்போது சத்னாவில் வேலை. அங்கிருந்து பன்னா காரில் இரண்டு மணி நேரம். "ரிட்டையர்டு ஆன வயசுல மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போறாராம்" என்று வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாலும், போகும்போது முழங்கால் தைலத்தை எடுத்துக் கொடுக்க மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஹிந்தி, அந்தக் காலத்தில் தக்ஷிண பாரத ஹிந்தி பிரச்சார சபாவில் எழுதிய 'பிராத்மிக்' பரீட்சையோடு சரி. நல்லவேளையாக கார் டிரைவரின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே குழி எடுத்திருந்தார். ஒரு காலை முழுக்க என்னைக் கூட உட்காரவிட்டார்கள்.

வைரச் சுரங்கம் என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. கிணறு வெட்டப் பாதியில் விட்ட மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். மேல்மண்ணைத் தோண்டி எறிந்தால் கீழே கூழாங்கல் கலந்த ஒரு அடுக்கு வரும். அதைக் கூடையில் சுமந்து வந்து, ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் காலால் மிதித்துக் களிமண்ணைக் கழுவி விடுகிறார்கள். பிறகு வெயிலில் பரப்பிக் காயவைத்து, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு பிடியாகக் கையால் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். இங்கே அரிசி முழுக்கவே கல். நாம் தேடுவதும் கல்.

கணவனும் மனைவியும் வேலை பார்த்தார்கள். பத்து வயசுப் பையன் பள்ளிக்கூடச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு தடவை "இதுவா?" என்று பளபளப்பாக ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். இரண்டும் குவார்ட்ஸ். முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவனைப் பார்த்து அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். நாலு வருஷமாகப் பணம் கட்டித் தோண்டுகிறார்களாம். ஒரே ஒரு சின்னக் கல் கிடைத்ததாம். அந்தக் காசு கடனுக்குப் போய்விட்டது.

டீ குடிக்கும்போது அந்த அம்மா டிரைவர் மூலமாகக் கேட்டார்: "உங்க ஊர்ல மண்ணுக்குள்ள என்ன கிடைக்கும்?"

"கருங்கல்" என்றேன். "உடைச்சு ஜல்லியாக்கி விப்பாங்க."

"அன்னன்னைக்குச் சாயங்காலமே கூலி கிடைச்சிடுமே" என்றார். அதில் பொறாமை இருந்தது.

அதன் பிறகு என்னால் அந்தக் கற்களைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. என் கண்ணுக்கு முன்னால் திரிசூலம் வந்து நின்றது.

1987 எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சனிக்கிழமை உங்களைத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பல்லாவரம் கூட்டிப்போய், அங்கிருந்து நடத்தியே கல்குவாரிக்கு அழைத்துப் போனேன். அன்றைக்கு எனக்கு ஒரே உற்சாகம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதே பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்ததைச் சொன்னேன். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம் பக்கத்துக் கல் போனதையும், அந்தக் கல்லுக்கு ஹாலந்து என்ற புவியியலாளர் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்ததையும் சொன்னேன். புதிதாக உடைந்த முகத்தைக் காட்ட வேண்டும் என்று, அங்கே ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சுத்தியலை வாங்கினேன். உடைத்துக் காட்டிவிட்டு, எல்லா வாத்தியார்களும் சொல்கிற அந்த வாக்கியத்தையும் சொன்னேன்: "ஒழுங்கா படிக்கலேன்னா இங்க வந்து ஜல்லி உடைக்க வேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தீர்கள். அந்த அம்மாவும் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில் உங்களில் ஒருவன் என் மேஜைமேல் ஒரு கல்லை வைத்தான். கைக்கடக்கமானது, நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. "சார், எங்கம்மா குடுத்தாங்க. நீங்க உடைச்சது சரியா உடையலையாம்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. குவாரியில் அவன் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்றது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "வெரி குட், ஷெல்ஃபில் வை" என்றேன். அதோடு வருகைப் பதிவேட்டைத் திறந்துவிட்டேன். பத்தாவது வரை என்னிடம்தான் படித்தான். அத்தனை நாளில் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும்தான். ரிட்டையர்டு ஆன அன்று அலமாரியைக் காலி செய்தபோது அந்தக் கல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று வீட்டில் கேட்டதற்கு, "250 கோடி வருஷத்துக் கல்" என்று பாடம் நடத்தித் தப்பித்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். அங்கே யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை.

உன் பெயரை இங்கே போடவில்லை. இந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாயா என்றும் தெரியாது. இருந்தால் தனியாக ஒரு மெசேஜ் போடு. கமெண்டில் வேண்டாம். அம்மா இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் சொல். அனகாபுத்தூரோ ஆந்திராவோ, நானே வருகிறேன். கல் என் மேஜைமேல்தான் இருக்கிறது.