ஃபியூஸுக்குத் தெரியாத சூடு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பொம்மை பார்க்கத்தான் போகிறார்கள். நானும் கொலுப் பொம்மை வேலையைப் பார்க்கத்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறினேன். ஆனால் முதலில் நுழைந்த கொட்டகையில் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தவை ஃபியூஸ் கட்டைகள். மீட்டர் பெட்டியில் நாம் பிடுங்கி, கம்பி சுற்றி, மறுபடி செருகுகிறோமே, அந்த வெள்ளைக் கட்டைகள். சற்றே ஈரமான மண்தூளை இரும்பு அச்சில் போட்டு, மேலே இருக்கும் திருகுக் கைப்பிடியை ஒரு பெண் இழுத்துச் சுழற்ற, கட்டை பிதுங்கி வெளியே வந்தது. பக்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டர் அச்சுக்குள் மண் கூழை ஊற்றிப் பிள்ளையார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருகில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணோடு வெண்களிமண்ணும் வருகிறது. இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிலையமும் இந்த ஊரில் இருக்கிறது.

சூளையடியில் ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சூட்டை எப்படி ஏற்றுவது என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் அவசரப்பட்டால் மண்ணுக்குள் தங்கிய நீர் ஆவியாகிப் பொம்மையை வெடிக்க வைத்துவிடும். 573 டிகிரியில் மண்ணில் கலந்த குவார்ட்ஸ் திடீரென்று விரியும்; ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே ஏற்றும்போது எவ்வளவு பொறுமையோ, இறக்கும்போதும் அவ்வளவு பொறுமை வேண்டும். 1200 டிகிரியைத் தாண்டும் கடைசிக் கட்டத்தில் மீட்டரை மட்டும் நம்பாமல், துளை வழியே உள்ளிருக்கும் கோன் சாய்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சின்னக் கூம்பை 1886-இல் பெர்லினில் ஹெர்மன் சேகர் உருவாக்கினார். சூட்டோடு அது நின்ற நேரத்தையும் சேர்த்துக் காட்டுவதால் இன்றும் அதற்கு வேலை இருக்கிறது.

"சாப்பிடப் போனாலும் ஆளை உட்கார வெச்சிட்டுத்தான் சார் போவேன். 'இவ்வளவு சூடு, இத்தனை மணிக்கு ஏத்தினது'ன்னு சொல்லிக் கை மாத்தணும். சொல்லாம எழுந்து போறது இங்க கிடையாது."

இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதே கொட்டகையில் காய்ந்த மண்தூளை வெறும் துடைப்பத்தால் பெருக்கியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதில் பறப்பது சிலிக்கா. நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைக்கலாம், தண்ணீர் தெளித்துவிட்டாவது பெருக்கலாம். நெருப்புக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைத் தூசிக்கும் கொடுக்க வேண்டும்.

ஸ்ரீமுஷ்ணம் திரும்பி, பூவராக சுவாமி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டுக்குப் போனேன். விருத்தாசலத்திலிருந்து பிஸ்கட் எனப்படும் முதல் சூடு மட்டும் முடிந்த பொம்மைகளை வாங்கி வந்து வண்ணம் தீட்டும் அக்கா அவர். கல்லூரியில் படிக்கும் மகன், பொழுதுபோக்காக அந்தப் பொம்மைகளுக்குள் சின்னச் சின்ன விளக்கு வைக்கிறான். சால்டரிங் அயர்ன், பசைத் துப்பாக்கி எல்லாம் அவன் மேசைமேல். சூளைக்கு இருக்கிற மாதிரி அந்த மேசைக்குக் காவலுக்கு ஆள் கிடையாது.

"கரண்ட் போயிடும் தம்பி. எப்ப வரும்னு தெரியாது. இவன் அப்படியே போட்டுட்டு வெளிய போயிடுவான். ஒரு நாள் ராத்திரி தூங்கிட்டிருக்கும்போது கரண்ட் வந்திருக்கு. பேப்பர் கருகற நாத்தம் வந்துதான் எழுந்தேன்."

மறதி என்று இதைச் சொல்லிவிட முடியாது. கருவி ஆறிக் கிடக்கிறது, விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை. சுவிட்ச் போட்டிருப்பதை நினைவுபடுத்த அறையில் எதுவுமே இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபின் பல நாள் இருட்டில் கிடந்த மாவட்டம் இது. 2012-இன் நீண்ட மின்வெட்டையும் இங்கே யாரும் மறக்கவில்லை. மின்சாரம் திரும்பி வரும் அந்த நொடிதான் இங்கே ஆபத்தான நொடி.

ஃபியூஸ் காப்பாற்றாதா என்று பலர் நினைக்கிறார்கள். காப்பாற்றாது. 25 வாட் சால்டரிங் அயர்ன் 230 வோல்ட்டில் இழுப்பது ஏறக்குறைய 0.11 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதை ஏறெடுத்தும் பார்க்காது. எம்.சி.பி.யும் அப்படித்தான், கசிவைப் பார்க்கும் கருவியும் அப்படித்தான். கம்பியில் கோளாறு வந்தால் அவை துண்டிக்கும். ஒழுங்காக வேலை செய்துகொண்டு, நுனி 300 டிகிரியைத் தாண்டி, காகிதத்தின் மேல் கிடக்கும் கருவியில் அவற்றின் கணக்குப்படி கோளாறே இல்லை. இஸ்திரிப் பெட்டிக்குள் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் உண்டு. சாதாரண சால்டரிங் அயர்னில் அதுவும் கிடையாது.

இதற்கு விடை சுற்றுவட்டாரத்து போர்வெல் கொட்டகைகளிலேயே இருக்கிறது. பம்ப்செட் ஸ்டார்ட்டருக்குள் காண்டாக்டர் என்றொரு சுவிட்ச் உண்டு; அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு காயில். மின்சாரம் போனால் காயில் பிடியை விட்டுவிடும். மீண்டும் வந்தாலும் பச்சைப் பொத்தானை யாராவது அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. மின்சாரம் வந்ததும் தானாகத் தண்ணீர் பாய வேண்டுமென்று விவசாயிகள் ஆட்டோ கருவி மாட்டி அந்தப் பாதுகாப்பைத் தாண்டிக்கொள்கிறார்கள். அவர்கள் தேவை அது. சூடான கருவிக்குத் தேவை, தாண்டாத பழைய ஏற்பாடு.

அந்தப் பையனின் மாமா மோட்டார் மெக்கானிக். மேசையின் பிளக்குகள் எல்லாவற்றையும் அப்படிப்பட்ட ஒரே காண்டாக்டருக்குப் பின்னால் கொண்டுவந்து, வாசற்படிக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கையும் இழுத்துக் கொடுத்திருக்கிறார். மின்சாரம் போகாமலே பையன் எழுந்து போனாலும், அடுப்படியிலிருந்து அம்மா கண்ணுக்கு அந்த விளக்கு தெரியும். கருவியின் தாங்கி, விருத்தாசலத்தில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய சூளைத் தட்டின்மேல் நிற்கிறது. 1200 டிகிரியைப் பார்த்துவிட்ட அந்தத் தட்டை இது என்ன செய்துவிடும்! கடைசியில் பிளக்கையும் கையால் பிடுங்குகிறான். அதுவும் சரிதான். காண்டாக்டரின் முனைகள் சில சமயம் உருகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு மின்சூளைகள் நிற்காமல் சூடேறிப் பாழாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் பிள்ளைகள் ஸ்டார்ட்டர் இணைப்பைப் பயிற்சியாகவே செய்கிறார்கள். அவர்கள் கையால் இதே காண்டாக்டர் ஏற்பாட்டை மேசைக்கு ஒன்றாகச் செய்து இந்த ஊர்க் கைவினை வீடுகளுக்குக் கொடுக்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்ட வேண்டும். கடையில் கேட்கும்போது 230 வோல்ட் காயில் என்று சொல்லிக் கேளுங்கள். பம்ப்செட்டுக்கு வழக்கமாக எடுத்துத் தருவது 415 வோல்ட்.