கேல் நகரின் திறந்த கதவுகள்

பெல்ஜிய நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து கிழக்கே செல்லும் இரயில், கெம்பன் என்னும் மணற்பாங்கான சமவெளியைக் கடந்து கேல் என்ற சிற்றூரை அடைகிறது. கண்ணைக் கவரும் மலையோ கோட்டையோ அங்கில்லை. சந்தைத் திடலும், ஓட்டு வீடுகளும், மிதிவண்டியில் செல்லும் மக்களுமே காணக் கிடைப்பவை. ஆயினும் மனநோயாளரையும் மனவளர்ச்சி குன்றியோரையும் பல நூற்றாண்டுகளாகத் தம் இல்லங்களில் ஏற்று வாழ்ந்த ஊர் அது. அந்தப் புகழே நம்மை அங்கு அழைத்துச் சென்றது.

ஊரின் பாதுகாவலி புனித டிம்ப்னா. அயர்லாந்து நாட்டு அரசனின் மகள் என்பது மரபு. மனைவியை இழந்து சித்தம் கலங்கிய தந்தை, மகளையே மணக்க முற்பட்டான். அவள் கெரெபெர்னுஸ் என்ற குருவுடன் கடல் கடந்து கேலுக்குத் தப்பி வந்தாள். தொடர்ந்து வந்த தந்தை குருவைக் கொல்வித்து, மகளைத் தன் வாளாலேயே வெட்டினான். மனம் கலங்கியோர் அம்மறைசாட்சியின் கல்லறையை நாடி வரலாயினர். இன்றுள்ள கோயிலைக் கட்டத் தொடங்கியது 1349-ஆம் ஆண்டில்.

கோயிலை ஒட்டி நோயாளர் அறை ஒன்று இருந்தது. திருப்பயணிகள் அங்குத் தங்கி ஒன்பது நாள் வேண்டுதல் செய்தனர். நவநாள் முடிந்தும் குணமாகாதவர் பலர். அறையிலும் இடம் போதவில்லை. ஆகவே கோயில் குருக்கள் ஊராரிடம் இடம் கேட்டனர். குடியானவர்கள் தம் வீட்டில் படுக்கை விரித்தனர். தற்காலிகமாகத் தொடங்கியது, தாயிடமிருந்து மகளுக்கு வரும் குடும்ப வழக்கமாயிற்று. வந்தவரை ஊரார் நோயாளி என்று அழைக்கவில்லை. தங்கியிருப்பவர் என்றே அழைத்தனர். அவருடைய நோயின் பெயரைக்கூட வீட்டாரிடம் சொல்லாதிருப்பதே அங்குள்ள மரபு. ஆடு மாடு மேய்த்தும், குழந்தையைத் தாலாட்டியும் அவர் அவ்வீட்டில் ஒருவராகிவிடுவார்.

இது வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் நிலைபெற்றதன்று. 1850-இல் அரசு பொறுப்பேற்றது. 1862-இல் மருத்துவமனை எழுந்தது. புதிதாக வருவோரை அங்குச் சிலகாலம் கவனித்த பின்னரே வீடுகளுக்கு அனுப்பினர். உடல்நலம் குன்றினால் அங்கேயே திரும்பச் சேர்த்தனர். வீட்டாருக்குச் சிறு உதவித்தொகை உண்டு. சிற்றூர்தோறும் குளியலகங்கள் அமைத்தனர். அங்கு வருவோரின் தூய்மையையும் உடலில் காயம் உள்ளதா என்பதையும் செவிலியர் பார்த்தனர். அன்புக்கும் மேற்பார்வை வேண்டும் என்பதை அவ்வூர் அறிந்திருந்தது. 1938-இல் தங்கியிருந்தோர் தொகை 3,700-ஐக் கடந்தது.

கோயிலில் அமர்ந்திருக்கையில் வேறொரு செய்தி நம் நினைவில் எழுந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியோர் 24 பேருக்கு அங்கு இடமுண்டு. ஒருவருக்கு வாரக் கட்டணம் சராசரி 3,500 பவுன். கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. செவிலியர் ஒருவர் எழுதிய முறையீட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. 2011-இல் பி.பி.சி. தொலைக்காட்சி மறைவான ஒளிப்படக் கருவியால் உள்ளே நடந்த அடிகளையும் வதைகளையும் உலகுக்குக் காட்டியது. 2012-இல் பணியாளர் 11 பேர் தண்டனை பெற்றனர். அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர். பணத்துக்குக் குறைவில்லை; கட்டடத்துக்கும் குறைவில்லை. வெளியிலிருந்து அறிந்தவர் கண் அங்கு எட்டவில்லை. அதுவே குறை.

காலம் கேலையும் மாற்றிவிட்டது. வயல்கள் குறைந்தன, பெண்கள் வெளிவேலைக்குச் செல்கின்றனர், தங்குவோர் தொகை பெரிதும் சுருங்கிவிட்டது. எனினும் வழக்கம் அறவே அற்றுப்போகவில்லை. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை நல்ல பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

நம் பங்குகளிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் உண்டு. அப்பிள்ளை மருத்துவமனையில் படுத்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல இயலாது. அவன் அலறினால், "இவர்கள் இயல்பே இப்படித்தான்" என்று எண்ணி, உள்ளிருக்கும் நோயைத் தவறவிடும் மருத்துவரும் உண்டு. அவன் முகம் சுளிப்பதன் பொருளைத் தாய் அறிவாள். ஆகவே அவன் எதற்கு அஞ்சுவான், எதை உண்பான், வலியை எப்படிக் காட்டுவான் என்று ஒரு தாளில் எழுதிச் செவிலியரிடம் கொடுப்போம். அத்தாய் இரவு முழுவதும் தனியே கண்விழிக்க விடாமல், அண்டைவீட்டார் முறைபோட்டு உடனிருப்போம்.

திமிர்வாதக்காரன் தானாக ஆண்டவரிடம் வரவில்லை. நால்வர் அவனைக் கட்டிலோடு சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினர். கேல் மக்கள் செய்ததும் அதுவே. நம் தெருவில் அக்கட்டிலின் ஒரு மூலையைப் பிடிக்க நாம் முன்வருவோமா?