ஆடியில் பத்திரம் படிக்கிறேன்

ஜூலை 18, 2024, வியாழன்

நேற்று ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் மயிலாப்பூரில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். நாற்பது வருடமாகப் புரோக்கர் தொழிலில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போனே வராது. "கத்துக்கணும்னா இந்த மாசமே வாம்மா" என்றார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் ஏஜென்டாகப் பதிவு செய்துகொள்வதென்று நான் முடிவெடுத்து ஒரு வாரம் ஆகிறது.

விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தேன். பான் கார்டு, போட்டோ, முகவரிச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, கட்டணம். எழும்பூரில் இருக்கும் ஆணையம் பரிசீலித்துப் பதிவு எண் கொடுக்கும். ஐந்து வருடம் செல்லும். படிப்பையும் கேட்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை. பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா என்றுகூட ஒரு கேள்வி இல்லை. சுலபம்தானே என்கிறார்கள் வீட்டில். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

பயத்துக்குக் காரணம் அக்கா. 2019இல் மந்தைவெளியில் ஒரு பழைய ஃபிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் இரண்டு லட்சம் கொடுத்தாள். "ஈசி க்ளீனா இருக்கு" என்றார் புரோக்கர். அது உண்மைதான். முப்பது வருட ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், ஒரு அடமானம்கூட இல்லை. ஆனால், விற்பவருக்கு அந்த வீடு அப்பா எழுதிய உயிலால் வந்தது. பதிவு செய்யாத உயில் ஈசியில் எப்படித் தெரியும்? அன்றைய சட்டப்படி, சென்னை நகருக்குள் இருக்கும் சொத்தென்றால் உயிலை உயர் நீதிமன்றத்தில் மெய்ப்பித்து புரொபேட் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. பாங்க் லோன் தர மறுத்தது. பணம் கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது.

அந்தப் புரோக்கரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொள் என்று அவரிடம் யாரும் சொன்னதுமில்லை.

ஜூலை 26, வெள்ளி

சித்தப்பா 1974ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்றின் ஜெராக்ஸை விரித்தார். "முதல் பக்கத்தை விடு. சொத்து விவரத்துக்குப் போ." எழுத்து மங்கி, மடிப்பில் இரண்டு வரி போயே போய்விட்டது. ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி, நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மேற்கே 'பத்தடிப் பொதுச் சந்து' என்றிருந்தது. அதே சொத்துக்கு 1998இல் எழுதிய பத்திரத்தை எடுத்து, "இதுல மேற்கே என்ன?" என்றார். 'மேற்படியார் காலிமனை'.

"சந்து எங்கம்மா போச்சு?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்து நான்கு வருடத்தில் ஒரு சந்து ஒருவருடைய மனைக்குள் போயிருக்கிறது. முந்தைய தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்க்காமல் கமிஷன் வாங்குகிறவர் கண்ணில் இது எந்தக் காலத்திலும் படாது. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். மயிலாப்பூரில் எத்தனையோ வீடுகளுக்குக் கட்டடம்தான் சொந்தம், அடிமனை கோயிலுக்கு. மாடவீதிப் பக்கம் வீடு காட்டுவதற்கு முன் அடிமனை யாருடையது என்று கேட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

2016ஆம் வருட ரெரா சட்டத்தையே உட்கார்ந்து படித்தேன். ஏஜென்டுக்கான கடமைகள் நல்ல கடமைகள்: கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், பதிவாகாத புராஜெக்டை விற்கக் கூடாது, வாங்குகிறவர் புக் செய்யும்போது எல்லா ஆவணமும் கைக்குப் போய்ச் சேர உதவ வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறும்.

ஆனால் இதெல்லாம் ரெராவில் பதிவான புதிய புராஜெக்டுகளுக்கு. தி.நகரில் முப்பது வருட ஃபிளாட்டைக் கைமாற்றி விடுகிறவருக்கும், அடையாறில் வாடகைக்கு வீடு காட்டி ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிறவருக்கும் பதிவே தேவையில்லை. அக்கா மாட்டிக்கொண்டது அங்கேதான். வில்லங்கம் அதிகம் தேங்கிக் கிடப்பது பழைய சொத்தில், சட்டம் காவல் நிற்பது புதிய சொத்தில். இது எனக்கு ஆறவே இல்லை.

மகாராஷ்டிரத்தில் 2023இல் ஏஜென்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கினார்கள். சிங்கப்பூரில் பாடம் படித்து, தேர்வில் தேறினால்தான் பதிவு. இங்கும் வரட்டும், முதல் ஆளாக நான் எழுதுகிறேன். பழைய சொத்து விற்கிறவரும் எழுதட்டும். கேள்வித்தாளில் அந்தச் சந்து கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. காலை எட்டரைக்கே சித்தப்பாவின் போன் அடித்தது. இந்திரா நகரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், விற்க வேண்டுமாம். போனை என்னிடம் நீட்டிவிட்டு அவர் காபியை எடுத்துக்கொண்டார்.

எத்தனை சதுர அடி, எந்த மாடி என்று பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். "சார், இந்த வீடு உங்களுக்கு எப்படி வந்தது?"

"அப்பா எழுதி வச்சாரும்மா."

"உயிலா சார், செட்டில்மென்ட்டா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. "இருங்கம்மா, பத்திரத்தை எடுத்துப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.