எம்டனும் ஒரு பட்டு இழையும்

"அவன் சரியான எம்டன்!" வாத்தியாரையோ கண்டிப்பான அப்பாவையோ இப்படிச் சொல்லாத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. 2006-ல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த சினிமாகூட கடைசியில் 'எம் மகன்' என்று வந்தது. ஆனால் எம்டன் ஆள் இல்லை, ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. நினைவுக் கல்வெட்டு இன்றும் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது.

அந்தக் கப்பலை ஆரணியில் ஒரு பையன் கட்டினான். ஐ.டி.ஐ. முடித்தவன், வீட்டில் தறி. கிட் எதுவும் வாங்கவில்லை, எல்லாமே கையால்தான்.

நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம். 200-ல் ஒரு பங்கு என்றால் 59 செ.மீ. அகலம் ஏழு செ.மீ.கூட வராது. ஜக்கார்டு பெட்டியில் ஓடித் தேய்ந்த அட்டைகளை ஒட்டி, 3 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் வெட்டினான். மேலே காலண்டர் அட்டைப் பட்டைகள்.

முதல் கப்பல் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது! ஒரு பக்கம் முழுக்க ஒட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போனதுதான் தப்பு. ஃபெவிகால் காயும்போது அட்டையை இழுத்துக்கொண்டது. இரண்டாவது முறை இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினான். நேராக நின்றது.

பீரங்கிகள் பத்து. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொரு குழலும் 21 மி.மீ., வெட்டிய தையல் ஊசி. புகைபோக்கி மூன்று. நாலாவது ஒன்றைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தான். பினாங்கில் எம்டன் பொய்ப் புகைபோக்கி மாட்டி, பிரிட்டிஷ் கப்பல் போல வேஷம் போட்டுத்தானே உள்ளே நுழைந்தது!

பிரச்சினை தாத்தாவிடம் வந்தது.

"செண்பகராமன் எங்கடா நிக்கிறாரு?"

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னையைக் காப்பாற்றினார் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரில் இருந்தார். கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர்.

எட்டரை மில்லிமீட்டரில் ஒரு பொம்மை செய்து வைத்திருந்தால் தாத்தா சந்தோஷப்பட்டிருப்பார். அவருக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? பையன் ஒரு வாரம் யோசித்தான்.

"அவரு அதுல வரல தாத்தா."

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் தாத்தாவே வந்து, பாய்மரத்தில் கட்டியிருந்த தையல் நூலைத் தடவிப் பார்த்தார்.

"கயிறு தடிமனா இருக்குது. ஆளு விஷயத்துல அவ்ளோ கணக்கு பாக்குற, இதுல பாக்க வேணாமா?"

பாவு நூலில் ஒரு இழையைப் பிரித்துக் கொடுத்தார். அறுபது வருஷம் தறியில் உட்கார்ந்த விரல். அதில் கறுப்பு மை தடவிக் கட்டிய பிறகுதான் அது கப்பலாகத் தெரிந்தது.

கப்பல் இப்போது டி.வி. மேசைக்கு மேலே ஷெல்ஃபில் இருக்கிறது. மேல்தளத்தில் ஒருவரும் இல்லை. பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் தாத்தா மெதுவாகச் சொல்வார்:

"செண்பகராமன் உள்ள ரூம்ல தூங்குறாரு!"

பையன் மறுப்பதில்லை.