உம்மாவிடம் கேட்காமல் வைத்த கண்



நாங்கள் நால்வர் ஒரு தாய் மக்கள். ஆண்களில் ஒருவர் துபாயிலும் மற்றவர் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். பெண்கள் இருவரும் பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர்கள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா மட்டும் காயல்பட்டினத்தில், தம் தாய்வழி வந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். பகலில் உதவிக்கு ஒரு பெண் வந்து போவார். இரவில் உம்மா தனியே.

சில ஆண்டுகளுக்கு முன் உம்மா கொல்லைப்புறம் போகும் வழியில் வழுக்கி விழுந்தார்கள். மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் எங்கள் நால்வரின் தூக்கத்தையும் கெடுத்துவிட்டது. அதன் பிறகுதான் வீட்டில் ஒரு கண்காணிப்புக் கேமரா வைப்பது என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்தோம். பணம் துபாயிலிருந்து வந்தது. ஊரில் மின்சார வேலை பார்க்கும் ஒரு தம்பி விலை மலிவான ஒன்றை வாங்கி, உள்கூடத்தின் மூலையில் மாட்டிக் கொடுத்தார். கைபேசியிலிருந்தே நாலாபுறமும் திருப்பக்கூடிய வகை அது. கடவுச்சொல்லை அவரே வைத்தார். உம்மாவின் பெயரும் அதன் பின்னால் மூன்று எண்களும். அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். நால்வரும் அதே ஒரு கணக்கில் நுழைந்து பார்த்துக்கொண்டோம். உம்மா நடமாடுவது தெரிந்தால் மனம் நிம்மதியடையும். அதை நாங்கள் உம்மாவுக்குச் செய்யும் கித்மத் என்றே எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு உம்மாவின் அழைப்பு வந்தது.

“ராத்திரி தஹஜ்ஜுதுக்கு எழும்பினேன் வாப்பா. நான் போற பக்கமெல்லாம் அது திரும்பிப் பார்த்துச்சு. நீங்க யாராவது முழிச்சிருந்தீங்களா?”

நேரம் மூன்றரை மணி இருக்கும் என்றார்கள். அப்போது துபாயில் இரவு இரண்டு. சென்னையில் இருவரும் உறக்கத்தில் இருந்தார்கள். சிங்கப்பூரில் காலை ஆறு. ஆகவே எல்லாருடைய சந்தேகமும் முதலில் சிங்கப்பூர்த் தம்பியின் மேல் விழுந்தது. அவர் ஃபஜ்ருத் தொழுகையில் இருந்ததாகச் சொன்னார். அடுத்து, அசைவைக் கண்டால் தானே திரும்பும் வசதி அந்தக் கேமராவில் உண்டா என்று பார்த்தோம். உண்டு. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைசியாக, அந்தக் கணக்கில் நுழைந்திருக்கும் கைபேசிகளின் பட்டியலைத் திறந்தோம். எங்களுடையவை நான்கு இருக்க வேண்டும். ஆறு இருந்தன.

அந்தப் பட்டியலைப் பார்த்த கணத்தை எங்களால் மறக்க முடியாது. எங்கள் ஊரின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். தெருவுக்கு வராமலேயே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போய்வர முடுக்குகள் விட்டுக் கட்டிய ஊர் அது. அந்த முடுக்கு வழியாகத்தான் பக்கத்து வீட்டுச் சாச்சிமார்களும் அவர்களுடைய மக்கள்மாரும் அசருக்குப் பின் எங்கள் உள்கூடத்துக்கு வருவார்கள். தலைத்துணியை இறக்கிவிட்டு உட்கார்ந்து பேசுவார்கள், பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். அந்நிய ஆடவன் கண் படாத இடம் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வந்த இடத்தில் நாங்கள் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தோம்.

உம்மா அதற்குள் தம் தொழுகைத் துணியைக் கேமராவின் மேல் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். மின்னிணைப்பையும் பிடுங்கச் சொன்னோம்.

எங்களில் மூத்தவருக்குக் கோபம் தாங்கவில்லை. மாட்டிக்கொடுத்த தம்பியின் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டார். ஜமாஅத்தில் சொல்லிவிடலாம் என்றார். தடுத்தவர்கள் உம்மாதான். “கண்ணால பார்த்தியா? பார்க்காததைப் பேசாதே. அவனுக்கும் ஒரு உம்மா இருக்கா.” துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் ஸூரா அல்ஹுஜுராத்தின் பன்னிரண்டாம் வசனம், அதே மூச்சில் வீண் சந்தேகத்தையும் தடுக்கிறது என்பதை நாங்கள் ஓதியிருக்கிறோம். வேறொருவன் முதல் பாவத்தைச் செய்துவிட்டான் என்பதற்காக நாங்கள் இரண்டாவதைச் செய்யப் போனோம்.

பெருநாளை ஒட்டி எங்களில் மூவர் ஊருக்கு வந்தபோது அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்துப் பேசினோம். அவர் கேட்காமலேயே தம் கைபேசியை எடுத்துத் திறந்து காட்டினார். பட்டியலில் இருந்த ஐந்தாவது கைபேசி அவருடையதுதான். மாட்டிய அன்று சரிபார்க்க நுழைந்தவர் பிறகு வெளியேறவில்லை. எங்கள் வீடு மட்டுமல்ல, அவர் மாட்டிக்கொடுத்த பல வீடுகளின் கேமராக்கள் அதில் வரிசையாக இருந்தன. யாரும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லவில்லை, மாற்றவும் இல்லை. அந்த வரிசையைத் தாமே பார்த்தபோது அவர் முகம் வெளுத்துப்போனது. எங்கள் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாக நீக்கினார். மறுநாள் முதல் அந்த வீடுகளுக்குப் போய், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லி வந்ததாகப் பின்னர் அறிந்தோம். ஆனால் கேமரா திரும்பிய நேரத்தில் இயங்கியதாகப் பட்டியல் காட்டியது ஆறாவது கைபேசி. அதன் மாதிரிப்பெயர் அவருடையதும் அல்ல, எங்களுடையதும் அல்ல.

அது யாருடையது என்பது இன்றளவும் எங்களுக்குத் தெரியாது. எந்த வழியாக நுழைந்திருக்கலாம் என்று மட்டும் உட்கார்ந்து எண்ணினோம். ஊகிக்க எளிதான கடவுச்சொல் ஒன்று. சென்னையில் இருக்கும் எங்களில் ஒருவர் அதே மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் ஒரு வணிகத் தளத்தில் பயன்படுத்தியது இரண்டாவது. ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலை எடுத்து வேறு தளங்களில் இயந்திரத்தைக் கொண்டு முயன்று பார்ப்பது திருடர்களின் வழக்கம். வீட்டு இணையப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல், வாங்கியபோது இருந்தபடியே இருந்தது மூன்றாவது. 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், உற்பத்தியாளர் இட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் கைப்பற்றியது. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் மூன்று கதவுகளையும் திறந்து வைத்தவர்கள் நாங்களே.

இனி, நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம். இதே நிலை யாருக்கேனும் நேர்ந்தால் பயன்படட்டும்.

முதலில் எதையும் அழிக்காமல், கைபேசிப் பட்டியலையும் நுழைந்த நேரங்களையும் திரைப்படமாக எடுத்து வைத்துக்கொண்டோம். கேமராவை உடனே மீட்டமைத்திருந்தால் அந்தத் தடயங்கள் போயிருக்கும். அவற்றைக் கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிந்தோம். 1930 என்னும் உதவி எண்ணும் உண்டு. அனுமதியின்றிப் பிறர் கணினிக் கருவியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி குற்றம். ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் அதே சட்டத்தின் 66இ பிரிவு தண்டிக்கிறது. வெட்கத்தால் மறைத்தால் குற்றவாளிக்குத்தான் அது துணையாகும்.

அடுத்து, கேமராவின் கடவுச்சொல்லுக்கு முன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினோம். கேமராக் கணக்கை மீட்கும் திறவுகோல் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது பிறர் கையில் இருந்தால் மற்றதை மாற்றிப் பயனில்லை. அதற்கு இரட்டைச் சரிபார்ப்பையும் இட்டோம்.

பிறகு இணையப் பெட்டி. நிர்வாகக் கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல் இரண்டையும் மாற்றினோம். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதியையும், கருவிகள் தாமாகவே வெளியுலகுக்கு வாசல் திறந்துகொள்ளும் யூ.பி.என்.பி. என்னும் வசதியையும் அணைத்தோம். விருந்தினருக்கான தனி வைஃபையில் கேமராவை மட்டும் இணைத்தோம்.

பழைய கேமராவுக்கு அதன் நிறுவனம் நீண்ட நாளாக மென்பொருள் புதுப்பிப்பு எதுவும் தரவில்லை என்று கண்டோம். ஓட்டை இருந்தால் அடைக்க ஆளில்லை. ஆகவே அதை மீட்டமைத்து, நினைவக அட்டையை உடைத்து, தூர எறிந்தோம். புதிதாக வாங்கியது, புதுப்பிப்புகள் முறையாக வரும் ஒன்று. அதை வேறு யார் கைபேசியிலும் பதியாமல் நாங்களே அமைத்தோம். வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் இட்டோம். மற்ற மூவருக்கும் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. அவரவர் தனிக்கணக்கில் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்தோம். மாதம் ஒருமுறை, முதல் வெள்ளிக்கிழமை, பட்டியலைத் திறந்து எண்ணிப் பார்க்கிறோம். கைபேசியை விற்பவர், விற்கும் முன் அதைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்.

இவையெல்லாம் இரண்டு நாள் வேலை. ஆனால் புதிய கேமராவை எங்கே மாட்டுவது என்று கேட்டபோதுதான் உம்மா, இரண்டு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னார்கள்.

“முதல்ல வச்சப்போ என்கிட்ட யாரும் கேட்கலையே. மாட்டினப்புறம்தானே சொன்னீங்க.”

நாங்கள் நால்வரும் வாயடைத்துப்போனோம். உண்மை. எங்களுக்குள் பத்து முறை பேசியிருந்தோம். அந்த வீட்டுக்கு உரியவரிடம் ஒரு முறையும் கேட்கவில்லை. முடி உலர்த்தக்கூட அவர்கள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை இரண்டு ஆண்டுகளாகக் கேமராவில் பார்த்தும் ஏன் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

அன்றிரவு எங்களில் ஒருவர் முவத்தாவில் வரும் ஓர் அறிவிப்பை நினைவுபடுத்தினார். தாயிடம் செல்வதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்கிறார். ஆம் என்று பதில் வருகிறது. நான் அவருடன் ஒரே வீட்டில் இருப்பவன் என்கிறார். அப்போதும் அதே பதில். நான் அவருக்குப் பணிவிடை செய்பவன் என்கிறார். அப்போதும், அனுமதி கேளுங்கள் என்பதே பதில். கித்மத் செய்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சமாதானத்துக்கு அங்கேயே விடை இருந்தது. ஸூரா அந்நூரின் 58ஆம் வசனம், வீட்டுக்குள் இருக்கும் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்களைச் சொல்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின். எங்கள் கேமரா அந்த மூன்று நேரமும் விழித்திருந்தது. ஆறாவது கைபேசிக்காரன் யாரென்று தெரியாது. முதல் நான்கு கைபேசிகள் யாருடையவை என்று தெரியும்.

இம்முறை கேட்டோம். உம்மா யோசித்துச் சொன்னார்கள். உள்கூடத்தில் வேண்டாம். தலைவாசலைப் பார்த்து ஒன்று இருக்கட்டும். விழுந்த இடமான கொல்லைப்புற வழியில் தரையை மட்டும் பார்க்கும்படி ஒன்று. அதன் மின்விசை உம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில். வேண்டும்போது அவர்கள் போடுவார்கள், வேண்டாதபோது அணைப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை நாங்கள் முறைவைத்துத் தொலைபேசியில் பேச வேண்டும். கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தோம். அது கேமராவைவிட நல்லது என்கிறார்கள்.

இன்னொன்றையும் உம்மா செய்தார்கள். அதற்கு எங்களில் யாருக்கும் துணிவு வந்திருக்காது. முடுக்கு வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். “என் வீட்டை நம்பி வந்தவங்க. அது அமானத்” என்றார்கள். சிலர் அழுதார்கள். ஒரு சாச்சி மட்டும் வெகுநாள் வரவில்லை. நோன்புப் பெருநாள் அன்று வட்டிலப்பத்துடன் முடுக்குக் கதவைத் தட்டினார். கதவைத் திறக்கும் முன் வெளியில் நின்று கேட்டாராம்: “கண்ணு ஏதும் இருக்கா உள்ள?”

“இல்லடி. வா” என்றார்களாம் உம்மா.

உங்கள் வீட்டிலும் கேமரா இருக்கலாம். இன்றே அதன் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு, அது யாரைப் பார்க்கிறதோ அவரிடம் கேளுங்கள். எங்கள் குறைகளை அல்லாஹ் மறைத்தருள்வானாக. பிறர் குறைகளை மறைப்பவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.