கூடாரம் காரிலேயே இருந்தது

போன தீபாவளிக்குத் தம்பி மகன் ஊருக்கு வந்திருந்தான். தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்து நாடான நமீபியாவில் வேலை பார்க்கிறான். மனைவி, பிள்ளைகளோடு பத்து நாள் தானே காரோட்டிக்கொண்டு அந்த நாட்டைச் சுற்றி வந்த படங்களைக் காட்டினான். காரின் கூரைமேல் மடித்து வைத்த கூடாரம். இரவானால் அதை விரித்து, ஏணி வைத்து ஏறிப் படுத்துக்கொள்வார்களாம். நடுவில் இரண்டு நாள் ஒரு மலைமேல் விடுதியில் தங்கினார்களாம்.

"இந்த விடுதி யாரோடது தெரியுமா பெரியப்பா? அந்த ஊர் மக்களோடது" என்றான்.

நமீபியாவில் 1996-ல் ஒரு சட்டம் வந்தது. பொது நிலங்களில் வாழும் மக்கள் ஒன்றுசேர்ந்து அமைப்பாகப் பதிவுசெய்துகொண்டால், தங்கள் பகுதியின் காட்டு விலங்குகளிலும் சுற்றுலாவிலும் வரும் வருமானத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. 86 அமைப்புகள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. அவன் தங்கிய குரூட்பெர்க் விடுதி 2005-ல் திறந்தது. முழுக்க முழுக்க அப்படி ஓர் அமைப்புக்குச் சொந்தம். "நம்ம கொடைக்கானல்ல இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

முப்பத்தைந்து வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். அதில் நாலு வருடம் கொடைக்கானல் மலையில். ஆகவே, போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். 4,200 ரூபாய்க்கு ஒரு கூடாரமும் வாங்கினேன். "நமக்கு இருக்கிற முதுகுக்குத் தரையில படுக்கையா?" என்றாள் மனைவி. ஆனாலும் இரண்டு கம்பளியை எடுத்து வைத்தாள். பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பழைய வேகன்ஆரில் மதுரையிலிருந்து கிளம்பினோம்.

இப்போது கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது; கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். இன்னொன்று, ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைமேல் கூடாது. நாங்கள் பழைய எவர்சில்வர் கூஜாவை எடுத்துக்கொண்டோம். சோதனைச்சாவடியில் இருந்த பையன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டியிலிருந்து மலைச்சாலை ஏறுகிறது. இந்தச் சாலை 1914-ல்தான் வந்தது. ஆனால் அமெரிக்கப் பாதிரியார்கள் 1845-லேயே கொடைக்கானலில் வீடு கட்டிவிட்டார்கள். இடையில் எழுபது வருடம் வெள்ளைக்காரர்கள் எப்படி மேலே போனார்கள்? பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் போனார்கள். டோலி என்றால் தூக்க ஆள் வேண்டும். ஏரியை வெட்டுவித்த கலெக்டர் லெவிஞ்சின் பெயர் நமக்குத் தெரியும். நடைபாதை போட்ட கோக்கரின் பெயர் தெரியும். டோலி தூக்கியவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது இந்த நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் இரவு நகரத்திலேயே ஒரு விடுதியில் தங்கினோம். அறைக்கு 4,500 ரூபாய். வெந்நீர் வந்தது, தொலைக்காட்சி ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் காபி கொண்டுவந்த இளைஞன் அசாமிலிருந்து வந்தவன். முதலாளி சென்னையில் இருக்கிறாராம், அவன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறானாம்.

மறுநாள் பூம்பாறைக்குப் போனோம். நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். ஒரு திருப்பத்தில் கீழே ஊர் தெரியும். மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள், நடுவில் நெருக்கமாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். பழனியைப் போலவே இங்கும் மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊரார் நம்பிக்கை. தோட்டத்தில் பூண்டு நின்றது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

வங்கிக் காலத்து நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பிய வீட்டைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தோட்டத்து ஓரமாகக் கூடாரம் போட்டுக்கொள்கிறோம், வாடகை தருகிறோம் என்றேன்.

"டென்ட் வேணாம் சார்" என்றார். "போடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. உத்தரவு இல்லாட்டியும் விட மாட்டேன். ராத்திரி காட்டுமாடு தோட்டத்துல இறங்கும். இப்ப காடும் காஞ்சு கெடக்கு."

காடு காய்ந்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணி மலையில் நடந்த தீ விபத்தை யாரும் மறக்கவில்லை. "அதுவுமில்லாம, டென்ட் போட்ட பசங்க போனப்புறம் பாட்டில் பொறுக்கறது எம் பொண்டாட்டிதான்" என்று சேர்த்துக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பெரிய நிம்மதி தெரிந்தது.

வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி விருந்தினருக்கு விடுகிறார். அறைக்கு 1,200 ரூபாய். அடுப்படிக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்கின. புகை பட்டால்தான் கெடாமல் இருக்குமாம். இரவு சோறு, பீன்ஸ் பொரியல், பூண்டு தட்டிப்போட்ட ரசம். என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே சாப்பிட்டாள். விடுதியில் இது நடக்குமா?

அடுத்த நாள் மன்னவனூர் போய்வந்தோம். 1965-லிருந்து அங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. பச்சைப் புல்வெளியில் பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைப் பார்த்தால் நாம் இருப்பது திண்டுக்கல் மாவட்டம்தானா என்று தோன்றும். ஏரியில் வனத்துறையின் சுற்றுலா மையம் இருக்கிறது. எங்களுக்குப் பரிசல் ஓட்டியவர் உள்ளூர்க்காரர். "முன்னே உருளைக்கெழங்கு மட்டுந்தான். மழை பொய்ச்சா அவ்ளோதான். இப்ப இதுலயும் கொஞ்சம் வருது" என்றார். விடுதியே ஊருக்குச் சொந்தம் என்ற நமீபியாக் கதை அளவுக்கு இல்லை. ஆனாலும் அந்தத் திசையில் ஓரடி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு குளிர் தாங்கவில்லை. தணல் அள்ளிவைத்த சட்டியைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் தன் கதையைச் சொன்னார்.

"ரோட்டோரமா ரெண்டு ஏக்கர் இருந்துச்சு சார். பொண்ணு கல்யாணத்துக்காக 98-ல வித்தேன். வாங்குனவரு பத்து வருஷம் வேலி மட்டும் போட்டு வச்சிருந்தாரு. அப்புறம் காட்டேஜ் கட்டுனாரு. அதுல நான் ரெண்டு வருஷம் வாட்ச்மேன். அப்பன் பாட்டன் உழுத பூமிக்குச் சம்பளத்துக்குக் காவல் இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இந்தப் பக்கம் எடம் ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தணலைப் பார்த்தேன்.

சொன்னது பொய்யில்லை. இப்போது இல்லை. ஆனால் இருந்தது. 1996-ல் அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து வில்பட்டிப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கினோம். ஆளுக்குப் பன்னிரண்டரை சென்ட். அன்று கொடைக்கானலில் வேலை பார்த்தவர்கள் பலரும் செய்ததுதான். பத்திரப்பதிவு அன்று, விற்ற விவசாயி கைநாட்டு வைத்துவிட்டு மையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மேக்கால மூலையில இருக்க ஊத்துல மட்டும் தண்ணி எடுத்துக்கலாமா சார்? கீழ இருக்க மிச்சத் தோட்டத்துக்கு வேற தண்ணி இல்ல."

"தாராளமா எடுத்துக்கங்க" என்றோம், எட்டுப் பேரும். நான் சற்று உரக்கவே சொன்னதாக நினைவு. ஒருவருக்கும் அதைப் பத்திரத்தில் எழுதத் தோன்றவில்லை. வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடமானப் பத்திரங்களில் வழிப்பாத்தியம், நீர்ப்பாத்தியம் எல்லாம் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் தொழில்.

2007-ல் எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஏக்கரை விற்றோம். என் பங்கில் மகளின் பொறியியல் படிப்பு முடிந்தது. வாங்க வந்தவரிடம் ஊற்றைப் பற்றி நான் பேசவில்லை. பேசினால் விலை குறையும் என்று நினைத்தேனா, மறந்தேனா? மறந்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன்.

காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டேன். பெரிய மனது பண்ணி, "விடுங்க சார்" என்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாமே சார்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு காருக்குள் ஒரு பூண்டுக் கட்டை வைத்தார். காசு கொடுத்தபோது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்கு மரியாதையாகப் பட்டது.

திரும்பும் வழியில் வில்பட்டிக்கு விட்டேன். இடத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. உயரமான சுவர், இரும்புக் கதவு, உள்ளே ஓட்டுக் கூரை போட்ட ஆறேழு காட்டேஜ். மேற்கு மூலை சுவருக்கு உள்ளே இருந்தது. கீழே இருந்த தோட்டத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. டீக்கடை அம்மாவிடம் அந்த விவசாயியைப் பற்றி விசாரித்தேன். "அவுக எப்பவோ வித்துட்டு வத்தலக்குண்டுப் பக்கம் போயிட்டாகளே" என்றார். தண்ணீர் இல்லாமல்தான் விற்றார்களா என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு டீ குடித்துவிட்டுக் காரில் ஏறினோம்.

இறங்கும்போது பெருமாள்மலை, ஊத்து, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக வந்தோம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் அருமையான சாலை. நெரிசலும் குறைவு. ஆனால் இருவருமே அதிகம் பேசவில்லை. பட்டிவீரன்பட்டி வந்ததும் மனைவிதான் ஆரம்பித்தாள்: "எட்டுப் பேர்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" ஐந்து பேர். "அவங்ககிட்ட பேசுங்களேன்." பேசினேன். இரண்டு பேர் "அதெல்லாம் பழைய கதை" என்றார்கள். ஒருவர் போனை வைத்துவிட்டார். ஒருவர் மட்டும், அந்தக் குடும்பத்தைத் தேடலாம், நானும் வருகிறேன் என்றார். அடுத்த மாதம் வத்தலக்குண்டுக்குப் போகிறோம். கண்டுபிடித்தால் என்ன சொல்வது, என்ன கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

பழக்கதோஷம், பயணக் கணக்கை எழுதிப் பார்த்தேன். விடுதியில் ஓர் இரவுக்கு 4,500 ரூபாய். அதில் பெரும்பகுதி மலையிறங்கிச் சென்னைக்குப் போயிருக்கும். பூம்பாறையில் இரண்டு இரவுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 3,900 ரூபாய். அதில் பால் பக்கத்து வீட்டுப் பால், பீன்ஸ் அவர் தோட்டத்து பீன்ஸ், தண்ணீர் அவர் ஊற்றுத் தண்ணீர். அவர் நிலத்தில் ஒரு பகுதியாவது கையில் மிஞ்சியிருப்பதால்தான் அந்தப் பணம் அந்த வீட்டில் தங்கியது.

தம்பி மகனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே ஊருக்கு உள்ள உரிமையைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் வாயால் சொன்னோம் என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "டென்ட் எப்படி இருந்துச்சு பெரியப்பா?" என்று கேட்டான்.

கூடாரம் உறை பிரிக்காமல் காரின் பின்பக்கம் அப்படியே இருக்கிறது. நீங்கள் யாராவது கொடைக்கானல் போவதாக இருந்தால், மேல்மலைக் கிராமங்களுக்குப் போங்கள். வீட்டுக்காரரே சமைத்துப் போடும் வீட்டில், அனுமதி பெற்ற இடமா என்று கேட்டுவிட்டுத் தங்குங்கள். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரம் வேண்டாம்.